இந்த வருஷம் யார் முறை

இறங்கிட்டேன். மெசேஜைப் படிச்சதும் அங்கேயே நின்னிருக்கணும், பரிதி ஒரு நிமிஷம் இருடான்னு கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல, போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு அவன் பின்னாலயே முதல் படியில கால் வெச்சுட்டேன். கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து கீழ ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி. மேல கோயில் வாசல்ல ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்துச்சு, அந்த ஒத்தைக் கோட்டுல வந்து விழுந்திருக்கு பாரு இந்தச் சனியன். முப்பது படி இறங்கினதும் அந்தக் கோடும் போச்சு. இப்ப மணி ரெண்டு பத்து. அஞ்சு மணி வரைக்கும்னு போட்டிருக்காங்க எங்க மேனேஜர் ஹெப்சிபா மேடம். கிட்டத்தட்ட மூணு மணி நேரம் கிடக்கு, எதுக்குப் பதர்றே, அருவியைப் பாத்துட்டு மேல வந்து பேசிக்கலாம். இப்பச் சொன்னா அவனுக்கு ட்ரிப்பே பாழாப்போயிடும், குளிக்கவாவது விடு மனுஷனை. எவ்வளவு அழகா காரணம் வந்து விழுது. இருபது வருஷமா சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல குப்பை கொட்டறேன், அடுத்தவன் எழுதினதுல ஓட்டை எங்கன்னு தேடறதுதான் பொழப்பு, என் ஓட்டைக்கு மட்டும் காரணம் கேட்டா வரிசையில வந்து நிக்குது. படி ஈரமா இருக்கு, பாத்து இறங்கு. "சபா, பாத்துடா, பாசி," அப்படின்னு முன்னால இருந்து அவனும் அதையேதான் சொல்றான்.

மெசேஜை மறுபடி எடுத்துப் பாக்க வேண்டியதில்ல, வரிக்கு வரி மனப்பாடம் ஆயிடுச்சு. சபா, இது நமக்குள்ள இருக்கட்டும். ஆளைக் குறைக்கற லிஸ்ட் ரேட்டிங்கை வெச்சுத்தான். நாலு வாங்கின எல்லாரும் போறாங்க, திங்கக்கிழமை கூப்பிட்டுச் சொல்லுவாங்க. ஷீட் இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் என் கையில, அப்புறம் பூட்டிருவாங்க. இந்த வருஷம் உங்க முறை, பரிதி உங்களுக்காக எடுத்துக்கிட்டாருன்னு எனக்குத் தெரியும். அவர்கிட்ட நான் இன்னும் சொல்லல. ரெண்டு பேரும் பேசி ஒரு பேரைச் சொல்லுங்க. ஒண்ணும் வரலைன்னா இருக்கறபடியே போகும். இருக்கறபடியே போகும். இந்தக் கடைசி வரிதான், மேடம், இந்தக் கடைசி வரியை நீங்க எழுதாம இருந்திருக்கலாம். எழுதலைன்னா நான் ஏதாவது ஒண்ணு செஞ்சே ஆகணும்னு இருந்திருக்கும். இப்ப ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும். நாகர்கோவில்காரங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவங்க, நல்ல மனுஷி, மனசாட்சி உறுத்திருக்கும், தானே முடிவெடுக்க முடியல, தூக்கி என் தலையில வெச்சுட்டாங்க. பரிதிகிட்ட ஏன் சொல்லல? அவன்கிட்ட சொன்னா அவன் என்ன சொல்லுவான்னு அவங்களுக்கும் தெரியும், அதான்.

எங்க டீம்ல ஆறு பேர். வருஷா வருஷம் மார்ச் மாசம் ரேட்டிங், ஒண்ணுன்னா ஓஹோ, நாலுன்னா உருப்படாதது. ஆறு பேரும் ராப்பகலா உழைச்சாலும் ஒருத்தர் நாலுல விழுந்தே ஆகணும்கறது கம்பெனி சட்டம், யாராவது கீழ இருந்தாத்தான் மத்தவன் மேல இருக்கறது தெரியுமாம், எவன் கண்டுபிடிச்சானோ. ஏழு வருஷத்துக்கு முன்னாடி மேடம்தான் கதவைச் சாத்திட்டுச் சொன்னாங்க, யாரைப் போடறதுன்னு எனக்குத் தெரியல, எல்லாருமே நல்லாத்தான் பாக்கறீங்க, முறை வெச்சுக்குவோமா. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். ஒரு வருஷம் ஒருத்தர். நாலு எடுத்துக்கறவருக்கு சம்பள உயர்வு கிடையாது, அதுக்கு ஈடா மத்த அஞ்சு பேரும் சேர்ந்து அவரை ட்ரிப் கூட்டிட்டுப் போகணும், இடம் அவர் சொல்றதுதான், அந்த ரெண்டு நாளும் அவர்தான் மாப்பிள்ளை. மாப்பிள்ளை பை தூக்கக் கூடாது, கார் ஓட்டக் கூடாது, இலையில முதல் பரிமாறல் அவருக்குத்தான். கோத்தகிரி போனோம், தனுஷ்கோடி போனோம், என் முறை வந்தப்ப டாப்ஸ்லிப். காட்டெருமையை அவ்வளவு கிட்டத்துல பாத்த அன்னிக்கு, உருப்படாதவன்னு பேர் வாங்கினவன் நானா, இவ்வளவு சந்தோஷமா இருக்கேன்னு எனக்கே சிரிப்பு. வேலை போயிடுமோங்கற பயம் இந்த ஊர்ல ஒவ்வொருத்தனுக்கும் இருக்கு, ஒருத்தன் மாத்திரை போடறான், ஒருத்தன் ஜோசியம் பாக்கறான், நாங்க மலை ஏறினோம். பயத்தை வெச்சே ஒரு திருவிழா பண்ணிட்டோம்னு பரிதி சொல்லுவான்.

இந்த வருஷம் திரும்பவும் என் முறை. என்னோட முறை, வேற யாரோடதும் இல்ல. மார்ச் மாசம் கேன்டீன்ல அவனைத் தனியா கூட்டிட்டுப் போயி ஒரு டீயை வாங்கி முன்னால வெச்சுக் கேட்டேன், பரிதி, கிளையண்ட் ஊர்ல ரெண்டு வருஷ போஸ்டிங் ஒண்ணு திறக்குதாம், நாலு இருந்தா அப்ளையே பண்ண முடியாது, இந்த ஒரு தடவை நீ எடுத்துக்கிறியா, அடுத்த வருஷம் உன் முறையில நான் நிக்கிறேன். ஊதி ஊதி டீயைக் குடிச்சான், ஒரு வாய் முழுங்கறதுக்குள்ள சரின்னுட்டான். யோசிக்கக்கூட இல்ல. "எனக்கு எங்கடா ஃபாரின், நீ போயிட்டு வா, எனக்குக் கொல்லிமலை போதும்," அப்படின்னான். அந்த போஸ்டிங்கும் வரல. ஜூன்லயே அந்தக் கதவைச் சாத்திட்டாங்க. வராத ஒண்ணுக்காக அவன் நாலை எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் ஜூலையில இருந்து ஆபீஸ் பூரா ஒரே குசுகுசு, எங்க கைகழுவப் போனாலும் லிஸ்ட் லிஸ்ட்னு பேச்சு. ட்ரிப் தேதி வெச்சா ஆளாளுக்கு ஒரு சாக்கு, ஒருத்தனுக்கு மச்சினன் நிச்சயதார்த்தம், ஒருத்திக்கு முதுகுவலி, சனிக்கிழமை ஆபீஸ்ல கூப்பிட்டா இல்லாம போயிடுவோமேன்னு எல்லாருக்கும் உள்ளுக்குள்ள நடுக்கம். கடைசியில நாங்க ரெண்டு பேர்தான். நீயாவது வந்தியேடான்னு நேத்து காரவள்ளி அடிவாரத்துல கார்ல இருந்து இறங்கி நின்னு என் கையைப் பிடிச்சான்.

 இறங்கறது சுலபம்னு நினைச்சேன், நூத்தம்பது படி தாண்டினதும் காலு தன்பாட்டுக்கு ஆடுது. ரெண்டு பக்கமும் மரத்துல மிளகுக்கொடி ஏறிக் கிடக்கு, ஈர மண் வாசனை, எங்கேயோ பலாப்பழம் பிளந்து வெச்சிருக்கான். மேல வாசல்ல முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வித்தாங்க, ஆட்டுக்கால் மாதிரி மயிரோட இருக்கற கிழங்கு, முட்டிவலிக்கு நல்லதுன்னு சொன்னதும் பரிதி ரெண்டு டம்ளர் குடிச்சான், மாப்பிள்ளை ஆசைப்பட்டுட்டார்னு நான்தான் காசு குடுத்தேன். குடுத்துட்டுத் திரும்பறப்பத்தான் போன் அதிர்ந்துச்சு. அந்தம்மா இன்னொரு டம்ளர் சூப் வேணுமான்னு கேட்டுச்சு, நான் வேண்டாம்னு சொன்னேனா, சொல்லலையா, ஞாபகமே இல்ல. அவன் முன்னால போயிட்டே பேசிட்டு இருக்கான். "வர்ற டிசம்பர்ல சத்யாவையும் பசங்களையும் கூட்டிட்டு வரணும்டா. பெரியவன் இந்தப் படியை ஓடியே இறங்கிருவான். சின்னவன்தான் தூக்குன்னு நிப்பான்." டிசம்பர். டிசம்பர்ல நீ எந்த நிலைமையில இருப்பே. ம், கூட்டிட்டு வான்னு சொல்றேன். என் குரல் எனக்கே நல்லாத்தான் கேக்குது, நடுக்கம் கிடுக்கம் ஒண்ணும் இல்ல.

சத்யாவுக்கு வேலை இருக்கு. அது ஒண்ணு இருக்கு, அதை மறந்துடக் கூடாது. சத்யகலா டீச்சர், ரெண்டு சம்பளம் வர்ற வீடு, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். என் வீட்டுல அப்படியா, பிரபா வேலையை விட்டுப் பன்னெண்டு வருஷம், பொண்ணு நிலாமதி அடுத்த வருஷம் பிளஸ் டூ, மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு இன்னும் பதினொரு வருஷம் கட்டணும். அவனுக்கு மன்னார்குடி பக்கம் கொஞ்சம் நிலம் வேற இருக்கு. பாரு, நியாயமா யோசிச்சா அவன் தாங்கிக்குவான். நியாயமா யோசிக்கிறானாம். சத்யா வேலை ஒப்பந்த வேலைன்னு உனக்குத் தெரியும், வருஷா வருஷம் புதுப்பிக்கறாங்களா இல்லையான்னு மே மாசம் பூரா பரிதி நகத்தைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தது உனக்குத் தெரியும், அந்த நிலத்துல அவங்க அண்ணன் விவசாயம் பண்றாரு, பரிதி ஒரு மூட்டை நெல்லு வாங்கிக் கண்டதில்ல, அதுவும் தெரியும். எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டே திரும்பத் திரும்ப சத்யாவுக்கு வேலை இருக்கு, சத்யாவுக்கு வேலை இருக்குன்னு சொல்லிட்டு இறங்கறேன். ஒரு படிக்கு ஒரு தடவை சொல்றேன் போல.

ஜெயசீலனை வேலையை விட்டு அனுப்பின அன்னிக்குப் பதினோரு மணிக்கு ஒரு ரூமுக்குக் கூப்பிட்டாங்க. மூணு வருஷம் ஆச்சு. எங்க டீம் இல்ல, பக்கத்து வரிசை, மதியம் கூட உக்காந்து சாப்பிடற ஆளு. பதினொண்ணரைக்கு வெளியில வந்து அடையாள அட்டையைத் தேய்க்கிறான், கதவு திறக்கல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையைக் காட்டறான், சாப்பாட்டு டப்பா, டப்பான்னு. உள்ள அவன் டேபிள் மேல டப்பா இருக்கு, நான் எடுத்துக் குடுத்திருக்கலாம், பக்கத்துலதான் நின்னேன். செக்யூரிட்டி ஆளு ஒருத்தர் கூடவே இருந்தாரு, நம்ம போய் பேசினா நம்ம பேரும் அந்தக் கணக்குல வருமோன்னு ஒரு பயம், மானிட்டரைப் பாத்துட்டு நின்னுட்டேன். டப்பா பேன்ட்ரில ஒரு வாரம் கிடந்துச்சு. திறந்து பாக்க யாருக்கும் தைரியம் இல்ல, கடைசியில வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நான்தான் கழுவினேன், பீட்ரூட் பொரியலும் தயிர் சாதமும், நாத்தம் குடலைப் புடுங்குச்சு. கழுவின டப்பாவைத் திருப்பிக் குடுக்கல. எப்படிக் குடுக்கறது, என்ன சொல்லிக் குடுக்கறது. இப்ப அவன் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி போன் பண்ணுவான், ஜெயசீலன்னு பேர் வந்ததும் நான் சத்தத்தை அமுக்கிடுவேன். பயத்துக்கு ஒரு வாசனை உண்டுன்னா எனக்கு அது பீட்ரூட் வாசனைதான்.

சத்தம் கேக்குது. கொஞ்ச நேரமாவே கேட்டுட்டு இருந்திருக்கு, நான்தான் கவனிக்கல. கடைசித் திருப்பத்துல திரும்பினதும் அருவி முழுசா எதிர்ல நிக்குது, எங்கேயோ உயரத்துல இருந்து கொட்டுது, கீழ வந்து சேர்றதுக்குள்ள பாதி புகையாப் போயிடுது. மூஞ்சியில சாரல் அடிச்சதும் மூச்சு ஒரு செகண்ட் நின்னு போச்சு. மணி மூணு. பரிதி சட்டையைக் கழட்டிப் பாறையில போட்டுட்டு, தொப்பையும் தானுமா, வாய் விட்டுக் கத்திக்கிட்டே தண்ணிக்குள்ள போறான். "வாடா, என்னடா நிக்கறே, வாடா." நாப்பத்தஞ்சு வயசு ஆளு. நானும் போனேன். தண்ணி அப்படி ஒரு குளிர்ச்சி, தலையில விழுந்ததும் மண்டைக்குள்ள இருந்த மெசேஜு, மேடம், ஷீட்டு, நாலு, எல்லாம் அப்படியே கரைஞ்சு ஓடிப்போச்சு, சத்தியமாச் சொல்றேன், ஒரு ரெண்டு நிமிஷம் எனக்கு வேலையும் இல்ல, வேலை போற பயமும் இல்ல, பேர்கூட இல்ல. பரிதி என் தோளைப் பிடிச்சிட்டு நிக்கறான், ரெண்டு பேரும் பல்லு கிட்டிச் சிரிக்கறோம். இதுக்குத்தானே வருஷா வருஷம் போனோம். அப்புறம் தண்ணியை விட்டு வெளியில வந்த மறு நொடி, துண்டு எடுக்கறதுக்கு முன்னாடி, ஈரக் கையோட போனை எடுத்து மணி பாத்தேன். மூணு இருபத்தஞ்சு. பாத்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, சீ, சொல்லவே வாய் கூசற நினைப்பு, இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஓட்டணுமே.

ஆக நான் முடிவு பண்ணிட்டேனா? எப்பப் பண்ணேன்? நான் எதையும் முடிவு பண்ணல, இன்னும் நேரம் இருக்கு. இப்பவே கிளம்பினா நாலரைக்குள்ள மேல போயிடலாம், மேடம், என் பேரைப் போடுங்கன்னு ஒரே வரி. அஞ்சு வார்த்தைகூட இல்ல. அதை அனுப்பிட்டு அவன்கிட்ட சொல்லவே வேண்டாம், திங்கக்கிழமை அவனுக்கே தெரியும், தேடி வந்து கட்டிப்பிடிப்பான், எல்லாரும் சபாவைப் பத்திப் பேசுவாங்க. அப்படியே யோசிச்சிட்டுப் போனா ரொம்ப நல்லாத்தான் இருக்கு. அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமை வருமே. காலையில எட்டு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிட்டு எங்க போறது. பிரபா ஒண்ணும் கேக்க மாட்டா, பாத்துட்டு மட்டும் நிப்பா. அவ பாக்கறது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும், வேலையை விட்டப்ப கண்ணாடி முன்னால நின்னு தன்னையே அப்படித்தான் பாத்துட்டு இருந்தா. நாப்பத்தாறு வயசு டெஸ்டரை எவன் எடுப்பான், நானே போன வருஷம் இன்டர்வியூ பண்ணி நாப்பத்தி ரெண்டு வயசுக்காரரை, வேகம் பத்தாதுன்னு எழுதி அனுப்பினவன். நல்லாத்தான் பதில் சொன்னாரு அந்த மனுஷன். எழுந்து போறப்ப நாற்காலியை ஒழுங்கா உள்ள தள்ளி வெச்சுட்டுப் போனாரு. "போலாமா பரிதி?"ன்னு கேக்கத்தான் வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்ச நேரம் இரேன்டா, இப்படி ஒரு தண்ணியை இனி எப்பப் பாக்கப் போறோம்," அப்படின்னு வந்துச்சு. அவன்தான் கேப்பான்னு நினைச்ச வார்த்தையை நான் சொல்லிட்டேன். "அப்படிச் சொல்லு," அப்படின்னு திரும்பவும் தண்ணிக்குள்ள போயிட்டான்.

நாலு மணிக்கு வனத்துறை வாட்சர் விசில் ஊதினாரு. எல்லாரும் மேல ஏறுங்க, சீக்கிரம் ஏறுங்க, மேகம் இறங்குது. அப்பாடான்னு இருந்துச்சா, ஐயோன்னு இருந்துச்சா, ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. ஏறினா நேரம் சரியா இருக்கும், ஏறித்தான் ஆகணும், இனி என் கையில இல்ல. படி ஒவ்வொண்ணும் முழங்கால் உசரம். அம்பது படிக்கு ஒரு தடவை பரிதி நிக்கறான், கம்பியைப் பிடிச்சிட்டு நெஞ்சு விரிஞ்சு சுருங்குது, உதடு வெளுத்திருக்கு. "நீ போடா, நான் மெதுவா வரேன்." போடாங்கறான். ஒரு வார்த்தைதான், அதைப் பிடிச்சிட்டு நான் ஓடியிருக்கலாம், நான் முன்னால போய் மேல இருக்கேன்டான்னு சொல்லிட்டு ரெண்டு ரெண்டு படியாத் தாவியிருந்தா நாலே முக்காலுக்குக் கோயில் வாசல். "உன்னை விட்டுட்டு எங்கடா போறது, மாப்பிள்ளையைத் தனியா விடக் கூடாது," அப்படின்னேன். நண்பனை விட்டுட்டு ஓடாத நல்ல மனுஷன். அவன் பையும் என் முதுகுலதான் இருக்கு. ஈரத் துணி முதுகுல ஊறி ஜில்லுன்னு இறங்குது, இறங்கட்டும், இந்தக் கஷ்டமாவது படறேன், இதுக்காவது ஏதாவது கழிச்சுக்குவாங்களா. யாரு கழிப்பாங்க. யார்கிட்ட பேரம் பேசிட்டு இருக்கே நீ.

அறுநூறு படி ஏறியிருப்போம், ஒரு திருப்பம், மரம் விலகி வானம் தெரியுது, அங்க கால் வெச்சதும் சட்டைப் பையில போன் அதிருது. எடுத்துப் பாத்தேன். ஒரு கோடு. நாலு முப்பத்தொண்ணு. சபா, பேசினீங்களா? எதுவும் சொல்லலையே. காத்திட்டிருக்கேன். அவ்வளவுதான். படி மேல நிக்கறேன். பரிதி எனக்கு அஞ்சாறு படி கீழ, குனிஞ்சு முழங்காலைப் பிடிச்சிட்டு மூச்சு வாங்கிட்டு இருக்கான், அவன் போன் மேல கார்ல சார்ஜ்ல கிடக்கு, அவனுக்கு உலகத்துல எதுவும் வராது இப்ப. கட்டைவிரல் ரெண்டும் எழுத்து மேல நிக்குது. என் பேரைப் போடுங்க. எழுது. எ அடிச்சேன். எ-ன்னு ஒரு எழுத்து திரையில நிக்குது. பிரபா கண்ணாடி முன்னால நிக்கறா. இல்ல, பிரபா மேல பழியைப் போடாதே, பிரபா ஒண்ணும் கேக்கல. பயம். வெறும் பயம்தான், வேற ஒண்ணும் இல்ல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையைக் காட்டற ஆளா நான் ஆயிடுவேனோங்கற பயம்.  நான் அனுப்பல. அழிக்கவும் இல்ல. நடந்தேன். ரெண்டு படி ஏறினேன், கோடு போச்சு. திரும்பி ரெண்டு படி இறங்கினாப் போதும், கிடைக்கும். ஆயிரம் படியில மூச்சு முட்டிப் போறவன் எவனாவது ஏறின படியைத் திரும்ப இறங்குவானா. அப்படி ஒரு நியாயம். அதுவும் வந்து நின்னுச்சு.

பேசறதாவது பேசிடணும். அனுப்பாட்டியும் சொல்லியாவது தொலைக்கணும், அவன்கிட்ட சொல்லிட்டா அவன் முடிவு பண்ணட்டும், அவன் என்ன சொன்னாலும் சரி, எனக்குப் பொறுப்பு விட்டுச்சு. படி ஏற ஏற வாக்கியத்தைக் கோர்த்துட்டு வரேன், பரிதி, மேடம் மெசேஜ் போட்டிருக்காங்க, லிஸ்ட் ரேட்டிங்கை வெச்சு, ஆனா அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாமாம், என் முறைதான், நான், இங்க வந்ததும் அறுந்து போகுது, மறுபடி பரிதின்னு ஆரம்பிக்கறேன், மறுபடி நான்ல வந்து அறுந்து போகுது. கல்லுல வெட்டின சின்ன மேடை ஒண்ணு வந்துச்சு, பரிதி தொப்புன்னு உக்காந்தான். நான் நின்னேன். மேல மரத்துக்கு நடுவுல கோயில் பக்கத்துக் கூரை தெரியுது, நூத்தைம்பது படி இருக்குமா, தம் கட்டி ஏறினா எட்டு நிமிஷம், ஒம்பது நிமிஷம். மணி நாலு நாப்பத்து மூணு.

"பரிதி, ஒரு விஷயம்டா."

"ம்."

"அந்த லிஸ்ட். ரேட்டிங்கை வெச்சுத்தானாம். நாலு எடுத்தவங்க எல்லாரும் போறாங்களாம். திங்கக்கிழமை சொல்லுவாங்களாம்."

துண்டால மூஞ்சியைத் துடைச்சிட்டு இருந்தவன் துடைக்கிறதை நிறுத்தல. கழுத்தைத் துடைச்சான், காதுக்குப் பின்னால துடைச்சான், துண்டை மடிச்சு மடியில வெச்சான். இப்பச் சொல்லு. மிச்சத்தையும் சொல்லு. அஞ்சு மணி வரைக்கும், இந்த மூணு வார்த்தை, அஞ்சு மணி வரைக்கும். 

"யார் சொன்னா?"

"மேடம். மெசேஜ் போட்டாங்க."

"எப்ப?"

"மேல. இறங்கறதுக்கு முன்னாடி."

நிமிர்ந்து என்னைப் பாத்தான். தெரிஞ்சிடுச்சு, இவனுக்கு எல்லாம் தெரிஞ்சிடுச்சு, ரெண்டரை மணி நேரமா நான் மனசுக்குள்ள பண்ணின அத்தனையும் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும், படிச்சுட்டான், திட்டப் போறான். திட்டுடா. சட்டையைப் பிடி. அப்படி நடந்தா மிச்சத்தையும் கக்கிடுவேன், ஓடிப் போய் அனுப்பிடுவேன், இன்னும் நேரம் இருக்கு. அவன் கண்ணு கலங்கிப் போயிருக்கு, ஆனா கோபம் இல்ல, தேடிப் பாக்கறேன், துளிக்கூட இல்ல.

"அவ்வளவு நேரமும் மனசுல வெச்சிட்டு இருந்தியா. நான் குளிக்கட்டும்னு." என் முழங்காலைத் தட்டினான். "நல்லவன்டா நீ."

நான் முதுகுல இருந்த அவன் பை வாரை இழுத்து விட்டுக்கிட்டேன்.

"போகுது விடு. உன் பேரு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாரு, பாப்பாவுக்கு அடுத்த வருஷம் பிளஸ் டூ வேற. ஏதோ, நான் எடுத்துக்கிட்டது நல்லதாப் போச்சு." குரல் உடைஞ்சு போச்சு, இருமி சரி பண்ணிக்கிட்டான். அப்புறம் கம்பியைப் பிடிச்சு எழுந்தான். "வா, போலாம். மேல போனதும் மேடத்துக்கு ஒரு போன் போட்டுப் பாக்கறேன். எதாச்சும் வழி இருந்தா அவங்க சொல்லாம இருக்க மாட்டாங்க. வாடா, சீக்கிரம்."

எட்டு நிமிஷம். ஒம்பது நிமிஷம். அவன் கால் நடுங்குது, ஆனா ஏறிடுவான், இப்ப இருக்கற வேகத்துக்கு நிக்காம ஏறிடுவான், அஞ்சு மணிக்கு முன்னாடி அவங்க போன்ல ஹலோன்னு சொல்லுவாங்க. பரிதி, நீங்களா, சபா சொல்லலையா. மணி நாலு நாப்பத்தாறு. என் கை தானா நீண்டு போய் அவன் கையைப் பிடிச்சுது, ரொம்ப மெதுவா, நோயாளியைப் பிடிக்கற மாதிரி.

"உக்காரு பரிதி," அப்படின்னேன். "மூச்சு வாங்குது பாரு உனக்கு. கால் மணி நேரம் உக்காந்துட்டுப் போலாம்."

என் மூஞ்சியைப் பாத்தான். தலையாட்டினான். "ஆமா, இனி என்ன அவசரம்," அப்படின்னு உக்காந்தான். எனக்கும் இடம் விட்டுத் தள்ளி உக்காந்தான்.